‘அடைவு 2.1’ எதை அளக்கிறது?

உயர்கல்விக் கருத்தரங்குகளிலும் அங்கீகார அறிக்கைகளிலும் கல்லூரி விளம்பரங்களிலும் ஒரே கருத்து திரும்பத் திரும்ப வருகிறது. ஆசிரியர் எத்தனை மணி நேரம் நடத்தினார் என்பது கணக்கல்ல, படித்து முடித்த மாணவரால் என்ன செய்ய முடிகிறது என்பதே கணக்கு. அதைத் தனித்தனித் திறன்களாகப் பிரிக்கலாம், ஒவ்வொரு திறனையும் அளக்கலாம், அளந்ததை எண்ணாக எழுதலாம், அந்த எண்ணை ஆண்டுக்கு ஆண்டு உயர்த்தலாம். விளைவு சார் கல்வி என்ற பெயரில் நம் பொறியியல் கல்லூரிகளில் நடப்பது இதுதான். இதை யாராவது கேள்வி கேட்டால், மாற்றத்துக்கு அஞ்சுகிறவர், பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறவர் என்ற பெயர்தான் கிடைக்கும்.

மாணவரால் என்ன செய்ய முடிகிறது என்று கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. அது நியாயமான கேள்வி, கேட்டே ஆக வேண்டிய கேள்வி. அதற்கு விடையாக நாம் எழுதிக் கொடுக்கும் எண் பொய் என்பதே என் வாதம். அந்த எண் கற்றலை அளக்கவில்லை. பழைய தேர்வு மதிப்பெண்ணையே புதிய கட்டங்களில் போட்டு, பெருக்கி, வகுத்து எழுதுகிறது. அதை எழுதி முடிப்பதற்காக, மாணவர் கற்றாரா என்று நேரில் கண்டறியக்கூடிய நேரத்தையும் ஆசிரியரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

எண் எப்படிப் பிறக்கிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து அல்லது ஆறு பாட விளைவுகள் உண்டு. ஆசிரியர் அறையில் ‘சி.ஓ.’ என்போம். நான்காண்டுப் படிப்பு முழுவதற்கும் சேர்த்து ‘பி.ஓ.’ என்று ஒரு பட்டியல். பொறியியல் அறிவில் தொடங்கி தொழிலறம், குழுவாக வேலை செய்தல், வாழ்நாள் முழுதும் கற்றல் என்று பன்னிரண்டு இருந்தன. அண்மையில் சிலவற்றை ஒன்றாக இணைத்துப் பதினொன்றாக்கினார்கள். ஒவ்வொரு சி.ஓ.வும் ஒவ்வொரு பி.ஓ.வுக்கு எவ்வளவு துணை செய்கிறது என்று ஆசிரியர் 1, 2, 3 என்று குறிக்க வேண்டும். பிறகு வகுப்பின் மதிப்பெண்களை எடுத்துக்கொண்டு, 60 விழுக்காட்டு மாணவர்கள் இலக்கைத் தாண்டியிருந்தால் அடைவு நிலை 1, 70 விழுக்காடு தாண்டியிருந்தால் 2, 80 விழுக்காடு என்றால் 3 என்று எழுத வேண்டும். தேசிய அங்கீகார வாரியம், அதாவது என்.பி.ஏ., தன் படிவத்தில் எடுத்துக்காட்டாகக் கொடுத்த இந்த எல்லைகளையே பல கல்லூரிகள் அப்படியே விதியாக்கிக்கொண்டன.

இலக்கை வைப்பது யார்? பாடம் நடத்துகிறவர். வினாத்தாளை எடுப்பதும் அக மதிப்பீட்டைத் திருத்துவதும் அவரே. மாணவர் எட்டினாரா என்று தீர்ப்புச் சொல்வதும் அவரே. இலக்கை எட்டாத பாடத்துக்கு விளக்கமும் நடவடிக்கை அறிக்கையும் எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இந்த ஏற்பாட்டிலிருந்து எந்த எண் வரும் என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி எழுத்துப் பாடத்தில் அக மதிப்பீட்டுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60. பருவத் தேர்வு விடைத்தாள்கள் மையங்களில் திருத்தப்படுகின்றன. இணைப்புக் கல்லூரியின் ஆசிரியருக்குத் தெரியவருவது மாணவர் பெற்ற எழுத்துத் தரம் மட்டுமே. எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்பது அவர் கைக்கு வருவதில்லை. ஆனால் படிவம் ஒவ்வொரு சி.ஓ.வுக்கும் தனித்தனியாக அடைவு கேட்கிறது. என்ன செய்வார்? கையில் இருக்கும் ஒரே தரத்தை எல்லா சி.ஓ.வுக்கும் எழுதுவார். பீமில் வரும் பெண்டிங் மொமென்ட் பற்றிய சி.ஓ.வுக்கும் தண்டில் வரும் டார்ஷன் பற்றிய சி.ஓ.வுக்கும் அதே எண். ஒன்றில் வகுப்பே தடுமாறி, மற்றொன்றில் வகுப்பே தேறியிருந்தாலும் அட்டவணைக்கு அது தெரியாது. திறன்வாரியாக அளக்கிறோம் என்று அறிவிக்கும் முறையில், அளவின் பெரும்பங்கு திறன்வாரியாக இல்லவே இல்லை. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ அங்கீகாரக் குழுக்கள் வந்து இந்தக் கோப்புகளைப் புரட்டிவிட்டுப் போயின.

அடுத்த படி பெருக்கல்: அடைவைத் துணை எண்ணால் பெருக்கி 3-ஆல் வகுக்க வேண்டும். ஒரு சி.ஓ.வின் அடைவு 2.1 என்று வைத்துக்கொள்வோம். அது ‘வடிவமைப்புத் திறன்’ என்ற பி.ஓ.வுக்கு 3 அளவு துணை செய்வதாக ஆசிரியர் குறித்திருந்தால் அந்தப் பி.ஓ.வுக்கு 2.1 சேரும். 2 என்று குறித்திருந்தால் 1.4. 1 என்றால் 0.7. மாணவர் மாறவில்லை, விடைத்தாள் மாறவில்லை, பாடம் மாறவில்லை. பருவத் தொடக்கத்தில் ஆசிரியர் ஒரு கட்டத்தில் எந்த இலக்கத்தை இட்டார் என்பது மட்டும் மாறியது. வடிவமைப்புத் திறன் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. குறைவு, நடுத்தரம், மிகுதி என்ற மூன்று அபிப்பிராயங்களுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்த உடனே அவை பெருக்கவும் கூட்டவும் தக்க அளவுகளாகிவிடா. புள்ளியியல் முதலாண்டு மாணவருக்கு நாமே நடத்தும் பாடம் இது. அதை மறந்துவிட்டு, பொறியாளர்களாகிய நாம் இரண்டு தசம இடத் துல்லியத்தோடு அறிக்கை கொடுக்கிறோம்.

நான் சிவில் பொறியியல் நடத்துகிறவன். அக மதிப்பீட்டில் 13 மதிப்பெண் கேள்வி ஒன்று. ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பீம், அதன் மேல் மொத்தம் 60 கிலோநியூட்டன் சுமை, வரைபடம் வரைய வேண்டும். ஒரு மாணவி மொமென்ட் எடுக்கும்போது ஒரு தூரத்தைத் தப்பாக எடுத்துவிட்டாள். தாங்கிகளின் எதிர்விசை 45, 27 என்று வந்துவிட்டது. கூட்டிப் பார்த்திருக்கிறாள். 72. அதன் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘60 வரணும். எங்கயோ தப்பு. டைம் இல்லை.’ அதற்கு மேல் பீம் எப்படி வளையும் என்று ஒரு கோடு வரைந்து, நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் வளைவு மேல்நோக்கித் திரும்பும் என்று காட்டியிருந்தாள். அந்தக் கோடு சரி. அவளுக்குக் கிடைத்தது 6. பக்கத்து பெஞ்சு மாணவன் கேள்வி வங்கியில் இதே கணக்கு இதே எண்களோடு இருந்ததை மனப்பாடம் செய்து அச்சுப் பிசகாமல் எழுதியிருந்தான். கிடைத்தது 11. அவனை எழுப்பி, சுமையை ஓரடி தள்ளி வைத்தால் படம் எப்படி மாறும் என்று கேட்டேன். நின்றான்.

அட்டவணையில் இவர்கள் என்ன ஆனார்கள்? 6-ஐ 13-ஆல் வகுத்தால் 46 விழுக்காடு. இலக்கு 60. அவள் ‘எட்டாதவர்’ பக்கம் போனாள். அவன் 85 விழுக்காட்டோடு ‘எட்டியவர்’ பக்கம். தன் விடையைத் தானே சந்தேகித்துச் சரிபார்ப்பதுதான் கட்டட வேலைக்குப் போகிற ஒருவருக்கு வேண்டிய முதல் திறன். சரிபார்த்தவள் திறனற்றவளாகவும், சரிபார்க்கத் தெரியாதவன் திறனுள்ளவனாகவும் பதிவாகிறார்கள். தேர்வு மதிப்பெண் என்றைக்குமே இப்படித்தானே இருந்தது என்று கேட்கலாம். ஆம், இருந்தது. ஆனால் மதிப்பெண் தன்னை மதிப்பெண் என்றே சொல்லிக்கொண்டது. ‘சிக்கலான பொறியியல் பிரச்சினைகளை ஆராயும் திறன்’ என்று தன்னை அழைத்துக்கொள்ளவில்லை.

ப்ளூம் வகைப்பாட்டின் கதையும் இங்கேதான் வருகிறது. பெஞ்சமின் ப்ளூமும் அவர் குழுவினரும் 1956-இல் வெளியிட்ட அந்த நூல், பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் தங்களுக்குள் வினாக்களை வகைப்படுத்திப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற தேவையிலிருந்து உருவானது. 2001-இல் ஆண்டர்சனும் க்ராத்வோலும் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். இன்று அது வினைச்சொல் பட்டியலாகச் சுருங்கி எல்லா ஆசிரியர்களின் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் கிடக்கிறது. ‘வரையறு’ என்றால் கீழ்ப்படி, ‘பகுத்தாய்க’ என்றால் மேல்படி. வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1, கே2, கே4 என்று குறிக்க வேண்டும். மேல்படிக் கேள்விகள் இத்தனை விழுக்காடு இருக்க வேண்டும் என்று சரிபார்க்கத் தனிக் குழு.

ஒரு கேள்வி எந்தப் படியைச் சேர்ந்தது என்பது கேள்விக்குள் இருப்பதில்லை. அந்தக் கேள்விக்கும் அதைச் சந்திக்கும் மாணவருக்கும் இடையில் இருக்கிறது. மேலே சொன்ன பீம் கணக்குக்குப் பக்கத்தில் கே4 என்றுதான் போட்டிருந்தது. கேள்வி வங்கியில் அதை நான்கு முறை எழுதிப் பார்த்தவனுக்கு அது வெறும் நினைவு. அதே தாளில் இரண்டு மதிப்பெண் பகுதியில் ‘தகைவு என்றால் என்ன?’ என்று ஒரு கே1 கேள்வி. விசைக்கும் தகைவுக்கும் வேறுபாடு என்ன, ஏன் பரப்பால் வகுக்கிறோம் என்று தன் சொல்லில் எழுத முயன்ற மாணவருக்கு அதுதான் அந்தத் தாளின் கடினமான கேள்வி. பக்கத்தில் போட்ட குறி இரண்டிலுமே பொய் சொல்கிறது. கேள்வி வங்கி கொடுத்து அதிலிருந்தே கேட்கும் வழக்கம் இருக்கும்வரை எந்த வினைச்சொல்லை மாற்றி எழுதினாலும் மனப்பாடமே ஆளும்.

எண்ணால் தொடவே கூடாத இடத்தையும் தொட்டுவிட்டோம் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். தொழிலறத்துக்கு ஓர் அடைவு எண் இருக்கிறது. மூன்றாம் பருவத்தில் எழுதிய தாளிலிருந்து வாழ்நாள் முழுதும் கற்கும் பழக்கத்துக்கு ஓர் எண் கணக்கிடப்படுகிறது. அந்த மாணவருக்கு வயது பத்தொன்பது.

அறம் எங்கே கற்பிக்கப்படுகிறது என்பதை கான்கிரீட் லேபில் நின்றவர்கள் அறிவார்கள். 150 மில்லிமீட்டர் க்யூபை 28 நாள் நீரில் வைத்து, எடுத்து, அழுத்திப் பார்க்கிறார்கள். எம்20 கலவை. குறைந்தது 20 வர வேண்டும். முள் 360 கிலோநியூட்டனில் நிற்கிறது. 22,500-ஆல் வகுத்தால் 16. மாணவன் திரும்பிப் பார்த்துக் கேட்கிறான்: “சார், 22-ன்னு போட்டுக்கவா? போன பேட்ச் ரெக்கார்ட்ல அப்படித்தான் இருக்கு.” அந்த நிமிடம் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதில்தான் அந்த மாணவனின் தொழிலறப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. “16-ன்னே எழுது. ஏன் 16 வந்ததுன்னு அடுத்த பக்கத்துல எழுது. தண்ணி கூடிருச்சா, சரியா இடிக்கலையா, யோசி” என்று ஓர் ஆசிரியர் சொல்கிறார். இந்த உரையாடலுக்குப் படிவத்தில் இடமில்லை. அதே ஆசிரியர் அன்று மாலை எக்ஸெல் தாளின் முன் அமர்கிறார். தொழிலறத்துக்கான அடைவு இலக்கைவிடச் சற்றுக் குறைகிறது என்று துறைத்தலைவர் சொல்கிறார். ஒரு கட்டத்தில் 2 என்று இருந்ததை 3 ஆக்கினால் சரியாகிவிடும். மாணவனிடம் செய்யாதே என்று சொன்னதை ஆசிரியரைச் செய்ய வைக்கும் முறைக்கு அறத்தை அளக்க என்ன தகுதி இருக்கிறது?

எதிர்த்தரப்பின் வாதங்கள் வலுவில்லாதவை அல்ல. முதலாவது, வாஷிங்டன் ஒப்பந்தம். இந்தியா 2007-இல் தற்காலிக உறுப்பாகி 2014-இல் முழு உறுப்பானது. என்.பி.ஏ. முதல் அடுக்கில் அங்கீகரித்த பட்டங்களை மற்ற உறுப்பு நாடுகள் ஏறக்குறைய நிகரானவையாக ஏற்கின்றன. வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகளுக்கு இது பயன், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் கேட்பது பட்டதாரியிடம் இருக்க வேண்டிய பண்புகளின் பட்டியலும் அதற்கான ஆதாரமும்தான். 1, 2, 3 என்று குறித்துப் பெருக்கு என்று அது எங்கும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தின் மூத்த உறுப்பான அமெரிக்காவின் அங்கீகார அமைப்பான ஏபெட்கூட ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு மாணவரையும் எல்லா விளைவுகளுக்கும் அளக்கச் சொல்வதில்லை. சில பாடங்களில், சில மாணவர்களின் வேலையை மாதிரியாக எடுத்து ஆழமாகப் பார்த்தால் போதும் என்கிறது. ஆழத்தை விட்டுவிட்டு அகலத்தைப் பிடித்துக்கொண்டது நாம்தான்.

இரண்டாவது வாதம், பழைய முறை மனப்பாட முறை, அதற்குத் திரும்பச் சொல்கிறாயா என்பது. திரும்ப என்ன இருக்கிறது? அந்தத் தேர்வு அப்படியே நடக்கிறது. மூன்று மணி நேரம், பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள், ஒரு பதினைந்து. அதை மாற்றாமல் அதன்மேல் ஓர் அட்டவணையைப் போர்த்தியதைச் சீர்திருத்தம் என்று சொல்ல நான் தயாராக இல்லை.

மூன்றாவது வாதம்தான் கனமானது. முதல் பட்டதாரிப் பிள்ளைகள் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிப் படிக்கிறார்கள். எதுவுமே கற்பிக்காமல் பட்டம் கொடுக்கும் கல்லூரியை எப்படிக் கண்டுபிடிப்பது? விளைவைக் காட்டு என்று கேட்பதுதானே அந்தப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு? இந்தக் கவலை என்னுடையதும்கூட. ஆனால் இந்த எண் அவர்களைக் காப்பாற்றவில்லை. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம், ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பணியாளராகக் காட்டப்பட்டிருப்பதை வெளிக்கொண்டு வந்தது. முறைகேடு நடந்திருப்பதை அண்ணா பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. அது எப்படித் தெரியவந்தது? யார் எங்கே வேலை செய்கிறார் என்ற சாதாரணமான, பழங்கால உள்ளீட்டுக் கணக்கை ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்ததால். அடைவு எண் எந்த எச்சரிக்கையும் தந்திருக்க முடியாது. வகுப்புக்கே வராத ஆசிரியரின் பாடத்துக்கும் 2.1 என்று எழுதிவிடலாம், எந்தக் கட்டமும் சிவப்பாக மாறாது. உள்ளீடு முக்கியமல்ல, விளைவே முக்கியம் என்று முழங்கிய அதே காலத்தில், 2018-இல், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, அதாவது ஏ.ஐ.சி.டி.இ., ஓர் ஆசிரியருக்கு 15 மாணவர் என்ற விகிதத்தை 20 ஆகத் தளர்த்தியது. உள்ளீடு எண்ணத் தகாதது என்று ஒருமுறை ஒத்துக்கொண்டால் ஆசிரியரைக் குறைப்பதை எதிர்க்க உங்களிடம் வாதமே மிஞ்சாது.

திறனை நேரில் கண்டு சான்று சொல்லக்கூடிய துறைகள் உண்டு. மருத்துவக் கல்வியில் 2019 முதல் திறன் சார்ந்த பாடத்திட்டம் நடைமுறையில் இருக்கிறது. மாணவர் சிரையில் ஊசி ஏற்றுகிறார், பேராசிரியர் பக்கத்தில் நின்று பார்க்கிறார், சரியாகச் செய்தார் என்று குறிப்பேட்டில் கையெழுத்திடுகிறார். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் செய்த இணைப்பை வெட்டிப் பார்த்துச் சொல்லலாம். இங்கே ஒருவர் செய்தார், மற்றவர் பார்த்தார். நான் இதற்கு எதிரியல்ல. (கையெழுத்துகளை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் ஆபத்து அங்கும் உண்டு, ஆனால் அது முறையின் குற்றமல்ல, மீறல்.) பொறியியல் கல்லூரியின் அட்டவணையில் யாரும் எதையும் பார்க்கவில்லை. பார்த்தது மதிப்பெண் பட்டியலை.

பள்ளி அளவில் இதைப் பெரிதாகச் செய்து பார்த்த நாடு ஒன்றும் இருக்கிறது. நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்கா, 1997-இல் ‘பாடத்திட்டம் 2005’ என்ற பெயரில் விளைவு சார் கல்வியை நல்லெண்ணத்தோடு தொடங்கியது. மூன்றே ஆண்டில் ஆய்வுக் குழு அமைக்க வேண்டி வந்தது. ஆசிரியர்கள் கலைச்சொற்களிலும் படிவங்களிலும் மூழ்கினார்கள். 2010-இல் அந்நாட்டு அமைச்சரே அதற்கு முடிவு அறிவித்தார். வசதியான பள்ளிகள் எந்த முறையிலும் தப்பித்துக்கொண்டன. அடிபட்டவை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள்.

இனி செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பல்கலைக்கழகம் கேள்விவாரி மதிப்பெண்ணைக் கல்லூரிக்குத் தரட்டும். எந்தப் பகுதியில் வகுப்பு சறுக்கியது என்பது அதிலிருந்தே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும், எந்தப் பெருக்கலும் வேண்டாம். சி.ஓ., பி.ஓ. பெருக்கல் அட்டவணையை முழுதாகக் கைவிடட்டும். அங்கீகாரக் குழு கோப்புகளின் முன் உட்காரும் நேரத்தில், தானே பெயர் பொறுக்கி ஐந்து மாணவர்களை அழைத்து, அவர்கள் எழுதிய விடைத்தாளையும் ரெக்கார்டையும் அவர்கள் முன்னால் விரித்துவைத்துப் பேசட்டும். லேபில் அந்த இயந்திரம் ஓடுகிறதா என்று ஓட்டிப் பார்க்கட்டும். ஆசிரியர் பட்டியலில் இருப்பவர்கள் அந்த வளாகத்தில் இருக்கிறார்களா என்று எண்ணட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு முதன்மைப் பாடத்தில், வெளிக்கல்லூரி ஆசிரியர் ஒருவர் முன்னிலையில், இருபது நிமிட வாய்மொழித் தேர்வு நடக்கட்டும். கேள்வி வங்கியில் இல்லாத ஒரு பீம், ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில். நேரமில்லை என்று சொல்வார்கள். அறுபது பேர் வகுப்புக்கு அது இருபது மணி நேரம், மூன்று வேலைநாள். ஒரு பாடத்தின் கோர்ஸ் ஃபைலைச் சரிக்கட்டுவதற்கு ஆசிரியர்கள் செலவிடும் நேரத்தோடு அதை எந்தத் துறையிலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தத் தேர்வில் பென்சிலால் ‘60 வரணும்’ என்று எழுதிய மாணவிக்குப் பேச வாய்ப்புக் கிடைக்கும், மனப்பாடம் செய்தவனுக்குத் தான் எங்கே நிற்கிறான் என்பது பட்டம் வாங்குவதற்கு முன்பே தெரியவரும்.